சார்ஜ் ஏறும்வரை யாரும் இறங்கப்படா

அன்ரியின் காரில் முன் இருக்கையில் ஆள் ஏறி நான் கண்டதில்லை. அந்த இருக்கை வாளிக்கு உரியது. மூடியுள்ள நீல நிற பிளாஸ்டிக் வாளி. அதற்குக் குறுக்கே சீற் பெல்ட்டும் போட்டிருக்கும். வாளியின் மேல் ஒரு படுக்கை விரிப்பு மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதன் காலடியில் தேத்தண்ணிப் போத்தல், றோல்ஸ் வைத்த டப்பா, தலை சுற்றினால் முகரப் பாதியாக வெட்டிய தேசிக்காய், குளிருக்கு ஒரு சுவெட்டர். பயணத்தின் நடுவில் இறங்கி வாங்கவேண்டிய பொருள் என்று ஒன்று இல்லாதபடி செய்து வைத்திருந்தார். வாளி எதற்கு என்று முதல் முறை கேட்டபோது, "சத்தி எடுக்கவும் உதவும், மத்ததுக்கும் உதவும்" என்றார். வாந்திக்கு வாளி மட்டும் போதும்; மற்றதற்குத்தான் அந்த விரிப்பு. சுற்றிப் பிடித்துக்கொள்ள.

பின் இருக்கையில்தான் எல்லோரும் ஏற வேண்டும். இரண்டு பின்கதவுகளிலும் சிறுபிள்ளைகளுக்கான பூட்டைப் போட்டு வைத்திருந்தார். உள்ளேயிருந்து பிடியை எவ்வளவு இழுத்தாலும் திறக்காது; வெளியேயிருந்து யாராவது திறந்துவிட வேண்டும். தற்செயலாக விழுந்த பூட்டாக்கும் என்று நினைத்து நான் ஒருநாள் சொன்னேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"தெரியும் புள்ள. நான்தான் போட்ட. வீட்ட ஏறினா போற இடத்தில இறங்கணும். இடையில இறங்கப்படா."

எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், அவர் ஒருவர்தான் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கி. ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கலியாணம் கட்டாதவர். அவரைப் பெயர் சொல்லி யாரும் அழைத்ததில்லை. வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் அன்ரி. அக்காவின் பிள்ளைகள் அவுஸ்திரேலியாவிலிருந்து அனுப்பிய காசில், யாரோ பாவித்த சின்ன மின்சாரக் கார் ஒன்றை வாங்கினார். சூழல், புகை என்றெல்லாம் அவர் கதைத்ததில்லை. "பெற்றோல் செட்டில நிப்பாட்டத் தேவல்ல" என்பதுதான் அவர் சொன்ன ஒரே காரணம். பெற்றோலுக்கு ஊரே வரிசையில் கிடந்த வருடம் வந்தபோது, வீட்டு வயரிலிருந்து சார்ஜ் ஏற்றிக்கொண்டு சத்தமில்லாமல் ஓடித் திரிந்தார். பிரசவத்துக்கு, செத்த வீட்டுக்கு, பரீட்சைக்கு என்று எத்தனை பேரை ஏற்றினார். கூலி வாங்கமாட்டார். ஆனால் ஏறியவர்கள் இறங்கும்போது ஒரு பெருமூச்சு விடுவார்கள். அன்பான ஆளுடைய கையிலிருந்து தப்பிவந்த பெருமூச்சு.

மண்டூர் முருகன் கோவில் திருவிழாவுக்கு எங்களையும் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் ஐயாவையும் ஏற்றிப் போனார். குருமண்வெளித் துறையிலிருந்து வாவியைக் கடக்க வாகனங்களை ஏற்றிப் போகும் மிதவை ஒன்று உண்டு. நாங்கள் அதைப் பாதை என்போம். பாதையில் ஏற்றியதும் மற்ற வாகனங்களில் வந்தவர்கள் எல்லாம் இறங்கிக் காற்று வாங்கினார்கள். நாங்கள் மட்டும் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே இருந்தோம். போஸ்ட் மாஸ்டர் ஐயா நெளிந்தார்.

"தங்கச்சி, கதவத் திற. இறங்கணும்."

"ஆத்துக்கு நடுவுல இறங்கி எங்க போகப்போறீங்க?"

"ஒண்டுக்குப் போகப்போறன். எனக்குச் சீனி வருத்தம் எண்டு உனக்குத் தெரியாதா? நீதானே மருந்து தந்த."

"வாளி இரிக்கி."

"வாளிக்குள்ள போறதுக்கு நான் என்ன மாடா?"

"மாடு வாளி நிறையப் பால் தரும். நீங்க என்னத்தத் தந்த இவ்வளவு காலமும்?"

அபி, என் மகள், அப்போது பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். போஸ்ட் மாஸ்டர் ஐயா மட்டும் அக்கரை வரும்வரை கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் அந்தக் காரில் ஏறவில்லை.

இந்தப் பழக்கத்தின் காரணம் எங்கள் ஒழுங்கைக்குத் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சண்டைக் காலத்தில் அன்ரியும் அவருடைய தம்பியும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது ஒரு சோதனைச் சாவடியில் தம்பியை இறக்கினார்கள். பஸ்ஸை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். பல மாதங்களுக்குப் பிறகு தம்பி திரும்பி வந்தார். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது அவரை வேலிக்கு மேலால் கண்டிருக்கிறேன். வாசலில் கிடக்கும் தன் சப்பாத்தைக் காட்டி, "ஆர்ட சப்பாத்து இது?" என்று போகிற வருகிறவர்களிடம் கேட்பார். பின்னறையில் அப்படியே இருந்து, அப்படியே செத்துப்போனார். அன்ரி என்னிடம் அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் சொன்னார், மீன் வெட்டிக்கொண்டே, தலை நிமிராமல்.

"இறக்கினது என்ட தம்பியத்தான் புள்ள. மறுகா கொண்டுவந்து விட்டது ஆரை எண்டு எனக்கு இன்னும் தெரியா."

அபிக்குக் கண்டிப் பக்கம் கம்பஸ் கிடைத்தது. என் கணவர் கட்டாரில். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு, மகள் மலைநாட்டில் தனியாகப் படிப்பதை நினைத்தாலே வகுப்பில் பாதிப் பாடம் மறந்துவிடும். அவளோ சந்தோசமாகப் போனாள். மகியங்கனைக்கு அப்பால் மலை ஏறுகிற பதினெட்டு வளைவில், நெரிசல் பஸ்ஸில், நடுவில் மாட்டிக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கு முதல் முறை அது வந்தது. மூச்சு அடைத்து, கை விறைத்து, சாகப்போகிறேன் என்று கத்தியிருக்கிறாள். டொக்டர் நெஞ்சில் ஒன்றுமில்லை, இது பயத்தில் வருகிறது என்றார். ஒன்றுமில்லை என்று சொன்னால் வராமல் விடுமா? அடுத்தடுத்த முறையும் வந்தது. ஒரு லீவுக்கு வந்தவள் பையை அவிழ்க்காமலே என் முன்னால் வைத்தாள்.

"இனி ஏலா அம்மா. நான் போகல்ல. இங்க ஏதும் படிக்கன்."

அவள் கம்பஸை விட்டுவிடுவாளோ என்பதுதான் அதன் பிறகு எங்கள் வீட்டின் ஒரே பேச்சு. அவளைக் கட்டாயப்படுத்தவும் எனக்குப் பயம், விடவும் பயம். மதிலுக்கு அப்பால் இருந்து அன்ரி கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன கா, பஸ்ஸில ஏலாட்டி என்ட கார் என்னத்துக்கு இரிக்கி? நான் கொண்டு போறன்."

முந்திய வருடங்களில் என்றால் அது நடவாத காரியம். அந்தக் கிழட்டுக் காரின் பற்றறி மகாஓயா தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும். ஆனால் அந்த வருடம் மலைப்பாதையில் வேகமாகச் சார்ஜ் ஏற்றும் நிலையங்கள் வந்திருந்தன. மலையடிவாரத்தில் ஒன்று, வளைவெல்லாம் ஏறி முடிந்த இடத்தில் இன்னொன்று. ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரத்தில் தேவையான அளவு ஏறிவிடும். கொழும்புக் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து மாட்டிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு நிற்பார்கள். முந்தி நடுவழியில் நின்றுவிடுமோ என்று மீற்றரையே பார்த்துக்கொண்டு போன பாதையில், இப்போது சுற்றுலா போகிற மாதிரிப் போகிறார்கள்.

அன்ரிக்கு மட்டும் அது நேர்மாறாக இருந்தது. நிற்பதற்கென்றே கட்டிய இடம் அல்லவா. நிலையம் தூரத்தில் தெரிந்ததுமே ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பார். நிறுத்தியதும் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "சார்ஜ் ஏறும்வரை ஆரும் இறங்கப்படா" என்பார். பிறகு அவர் மட்டும் இறங்கி, சாவியால் எங்களை வெளியேயிருந்து பூட்டிவிட்டு, வயரை மாட்டிவிட்டு, ஓடிவந்து உள்ளே ஏறிப் பூட்டிக்கொள்வார். தான் இறங்குவது அவருக்குக் கணக்கில்லை. எங்களுக்கு றோல்ஸ் பங்கிடுவார். வெளியே நடமாடும் ஒவ்வொருவரையும் கண்ணால் பின்தொடர்வார். மலையிலிருந்து கீழ்ப்பக்கம் ஓடும்போது மட்டும் அவருக்கு முகம் மலரும். இறக்கத்தில் சக்கரம் சுழலச் சுழலப் பற்றறி தானாகக் கொஞ்சம் நிரம்பும். "பாத்தியா அபி, இறங்க இறங்க ஏறுது. உலகத்தில இப்பிடி ஒரு சாமான் இல்ல" என்பார், ஏதோ தானே கண்டுபிடித்தது போல.

உண்மையைச் சொன்னால், பூட்டிய அந்தக் கார் எனக்குப் பிடித்திருந்தது. மகள் என் பக்கத்தில், இரண்டு கதவும் திறவாது, முன்னால் ஒரு காவல். வேறென்ன வேண்டும். அபியும் சமாளித்தாள். கண்ணாடியை ஒரு சாண் இறக்கிவிட்டு, அந்த இடைவெளியில் மூக்கை வைத்துக்கொண்டு வருவாள். கேட்டால், பரவாயில்லை என்பாள். இப்படியே சில பயணங்கள் போயின.

அன்று மழை. பதினெட்டு வளைவும் முகிலுக்குள் கிடந்தது. மேல் நிலையத்துக்கு வந்தபோது முன்னால் இரண்டு கார்கள் நின்றன. எங்கள் முறை வந்ததும் அன்ரி வழக்கம்போல இறங்கி, பூட்டி, வயரை மாட்டினார். மெஷின் வேலை செய்யவில்லை. காசு கட்டும் கார்டைத் தேய்த்தார், திரும்பத் தேய்த்தார், பிறகு அங்கே வேலை செய்யும் ஆளைத் தேடிக் கண்ணாடி அறைக்குள் போனார். மழை உள்ளே அடிக்கிறது என்று சற்றுமுன் எல்லாக் கண்ணாடிகளையும் மூடியிருந்தார். எங்கள் மூச்சு படிந்து கண்ணாடி வெள்ளையாகிக்கொண்டு வந்தது.

"அம்மா."

குரலிலேயே தெரிந்துவிட்டது. அவளுடைய விரல்கள் விறைத்து மடங்கத் தொடங்கியிருந்தன.

"அம்மா, எனக்கு ஏலாம வருது. கதவு."

"இந்தா அன்ரி வாறா. மெல்லமா மூச்சு எடு. ஒண்டு, ரெண்டு எண்ணு."

"கதவு அம்மா, கதவு!"

பிடியை இழுத்தேன், கண்ணாடியில் தட்டினேன். முகிலுக்குள் யார் கண்டார்கள். அபி முன் இருக்கைகளுக்கு நடுவால் பாய்ந்தாள். வாளி பெல்ட்டிலிருந்து நழுவிக் கவிழ்ந்தது, டப்பா திறந்து றோல்ஸ் எல்லாம் கொட்டுண்டது. முன்கதவைத் திறந்தாள். காரின் அலாரம் ஊளையிடத் தொடங்கியது. அவள் இறங்கி, முகிலுக்குள் போனாள். நானும் அதே வழியால் போகப் பார்த்து, பாதி உடம்பு முன்னால், பாதி பின்னால் என்று இரண்டு இருக்கைகளுக்கு இடையில் இறுகிவிட்டேன். சீலையின் முந்தானை சீற் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. தலைக்கு மேலே அந்த ஊளைச் சத்தம். திறந்த கதவால் மழை என் முகத்தில் அடித்தது. மகள் போன திசையில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

அன்ரி ஓடிவந்தார். திறந்த கதவைப் பார்த்தார். என்னை அவர் பார்க்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

"ஆர் இறக்கினது? அவள ஆர் இறக்கினது?"

அந்தச் சத்தத்தை அவரிடமிருந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. பின்னால் வந்த சிங்களப் பொடியன், நிலையத்தில் வேலை செய்கிறவன், பயந்துபோனான். அவனுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் 'இறக்கினது' என்பது பிடிபட்டிருக்கிறது. மெஷினைக் காட்டி இரண்டு கையையும் ஆட்டினான்.

"இல்ல அம்மா, இறங்கல்ல! ஏறுது, ஏறுது! சார்ஜ் இப்ப நல்லா ஏறுது!"

"ஆரடா இறக்கினது அவள?" அன்ரி அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். அவன் ஏறுது, ஏறுது என்று சொல்லிக்கொண்டே நின்றான். கொழும்புக் குடும்பங்கள் குடைகளுக்குள் இருந்து பார்த்தன.

முந்தானையைக் கிழித்துக்கொண்டு நான் வெளியே விழுந்தேன். கண்ணாடி அறைக்குப் பின்னால் ஓடினேன். அங்கே இடுப்பளவு இரும்புக் கம்பி வேலி, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை, கீழே முழுவதும் முகில். அபி வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். அந்த ஒரு கணத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை எழுத மாட்டேன். அவள் மூச்சு எடுத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். மழையில் நனைந்து, வாயைத் திறந்து, ஆழமாக.

"வா புள்ள. காருக்குப் போவம்."

"நான் ஏற மாட்டன் அம்மா."

"அப்ப வீட்ட போவமா? கம்பஸ் வேணா, வீட்ட போவம்."

"வீட்டயும் அந்தக் கார்லதானே போகணும்." அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் பஸ்ஸில போறன்" என்றாள்.

"பஸ்ஸிலதானே உனக்கு வந்த?"

"அண்டைக்கு நடுவுல நிண்டன். வாசலுக்குக் கிட்ட நிண்டாச் சரி. பஸ்ஸுக்குக் கதவு பூட்டுறல்ல அம்மா."

அன்ரி எங்களுக்குப் பின்னால் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. திட்டுவார், கையைப் பிடித்து இழுப்பார் என்று நினைத்தேன். அவர் அபியின் தலையைச் சுவெட்டரால் துடைத்துவிட்டு, அதையே அவளுக்கு மாட்டிவிட்டார். கழுத்துப் பொத்தானையும் போட்டுவிட்டார். பிறகு நேரே வீதிக்குப் போய், நடுவீதியில் நின்று, கண்டிக்குப் போகிற பஸ்ஸைக் கையைக் காட்டி மறித்தார். சாரதி கத்தினான். இவர் சிங்களத்தில் திருப்பிக் கத்தினார். நடத்துனரிடம் விரலை நீட்டி, இந்தப் பிள்ளையை வாசல் இருக்கையில் இருத்த வேண்டும், கண்டி வரும்வரை இறங்க விடக்கூடாது என்றார். "ஹரி அம்மே, ஹரி" என்று சம்மதம் சொல்லி அவன் சிரித்தான்.

அபி ஏறினாள். நானும் ஏறப் போனேன். அவள் படியில் நின்று தலையை ஆட்டினாள்.

"தனிய போய்ப் பாக்கன் அம்மா. நீங்க வந்தா நீங்க என்னையே பாத்துக்கொண்டு வருவீங்க. எனக்கு அதுலயும் மூச்சு முட்டும்."

பஸ் போய்விட்டது. அன்ரி வயரைப் பிடுங்கினார். வாழ்க்கையில் முதல் முறையாக என்னை முன் இருக்கையில் ஏறச் சொன்னார். வாளியைப் பின்னால் எறிந்துவிட்டு. கண்டி வரை அந்த பஸ்ஸின் பின்விளக்கை விடாமல் போனோம். முகிலுக்குள் சிவப்பாக இரண்டு புள்ளி. எங்கள் கார் சத்தமில்லாதது. பஸ்ஸில் இருந்தவர்களுக்கு நாங்கள் பின்னால் வருவது தெரிந்திருக்காது. பஸ் எங்கே நின்றாலும் நாங்களும் நின்றோம். ஆட்கள் இறங்குவார்கள். அன்ரி கண்ணாடித் துடைப்பான் போகிற வேகத்துக்குப் பார்த்து, "இது இல்ல, இது இல்ல, இதுவும் இல்ல" என்பார். நான் கட்டாருக்கு அழைப்பு எடுக்கப் போனைத் திறந்து, எண்ணை அழுத்தாமலே மடியில் வைத்துவிட்டேன். கண்டியில் இறங்கி, வேறு பஸ் மாறி, கம்பஸ் வாசலில் இறங்கினாள் அபி. பையைத் தோளில் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து நடந்தாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் உள்ளே மறையும்வரை அன்ரி வாசலையே பார்த்திருந்தார். பிறகு, "கிறுகுவமா?" என்றார். காரைத் திருப்பினோம்.

திரும்பி வரும்போது மேல் நிலையத்தில் மறுபடியும் நிற்கவேண்டி வந்தது. மழை விட்டு, முகில் கலைந்து, எதிர்மலையில் வெயில். அன்ரி இறங்கி வயரை மாட்டினார். சட்டையில் பிடித்த பொடியனிடம் போய் ஏதோ சொன்னார். அவன் தலையைச் சொறிந்து சிரித்தான். பிறகு என் பக்கம் வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"இறங்கு புள்ள. உள்ள தேத்தண்ணி குடிப்பம். சூடா இரிக்காம்."

நான் காலை வெளியே வைக்கப் பார்த்தேன். கால் வரவில்லை. கண்ணாடி அறைக்குப் பின்னால் இருக்கிற அந்தக் கம்பி வேலி, இருந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

"நீங்க போய் வாங்க அன்ரி. நான் இரிக்கன்."

அவர் வற்புறுத்தவில்லை. போனார். கொழும்புப் பிள்ளைகள் ஓடித் திரிகிற இடத்துக்கு நடுவில் அவர் வரிசையில் நின்று, தேத்தண்ணி வாங்கி, யாரோ ஒரு பெண்ணிடம் சீனி கேட்பதைக் கண்டேன். இரண்டு கோப்பைகளோடு வந்து ஒன்றை என்னிடம் நீட்டினார். அப்போது என் போன் அடித்தது. அபி.

"அம்மா, நான் ஹொஸ்டலுக்கு வந்திட்டன். ஒண்டும் வரல்ல, ஒருக்காத்தான் கொஞ்சம் வாற மாதிரி இரிந்த. நீங்க எங்க?"

"மேல நிக்கம். சார்ஜ் ஏறுது."

"காருக்குள்ளயா இரிக்கீங்க? கொஞ்சம் இறங்கி நில்லுங்க அம்மா. அங்க நல்ல காத்து."

"ஓம் புள்ள," என்றேன். "இறங்கித்தான் நிக்கன்."

அன்ரிக்கு அது கேட்டது. என்னைப் பார்க்கவில்லை. கதவை மெல்ல ஒருக்களித்து, அதிலே முதுகைச் சாய்த்துக்கொண்டு, வெயிலைப் பார்த்தபடி தேத்தண்ணியைக் குடிக்கத் தொடங்கினார்.